ஆசிரியருக்கு எழுதும் கிறிஸ்தவர்: வசனத்தோடா, குடிமகனாகவா?

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் நச்சு வாயு தாக்கி இறந்தார்கள் என்ற செய்தியைத் தமிழ்நாட்டில் நாளிதழ் படிக்கும் எவரும் ஒருமுறையோடு படித்து முடித்திருக்க மாட்டார். முதலாமவர் மயங்கி விழுந்தார், அவரைத் தூக்கப் போன இரண்டாமவரும் மேலே வரவில்லை என்ற வரி, ஊரும் பெயரும் மட்டும் மாறித் திரும்பத் திரும்ப வருகிறது. ஞாயிறு ஆராதனையில் ஒடுக்கப்பட்டோருக்காக மன்றாடிவிட்டு வீடு திரும்பிய ஒருவர், இதைப் படித்துவிட்டு ஆசிரியருக்கு நாலு வரி எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாளை எடுத்த உடனே ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருக்கிறது. கிறிஸ்தவராக, வேத வசனத்தை முன்வைத்து எழுதுவதா? சமயத்தைச் சொல்லாமல், சட்டம் தெரிந்த ஒரு குடிமகனாக எழுதுவதா? அல்லது, தாம் யார் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, எல்லாருக்கும் பொதுவான நியாயத்தை எடுத்துரைப்பதா?

இந்த மூன்றையும் நான் எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒரே செய்திக்கு மூன்று வரைவுகள் எழுதியபோதுதான் ஒவ்வொன்றின் பலமும் குறையும் எனக்குத் தெளிவாயின. ஆகவே அந்த வரைவுகளை வைத்தே ஒப்பிடுகிறேன்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: “மிகவும் சிறியவர்களில் ஒருவருக்கு எதைச் செய்தீர்களோ அதை எனக்கே செய்தீர்கள் என்று இயேசு கிறிஸ்து சொல்லியிருக்கிறார். தொட்டிக்குள் இறந்துகிடந்த அந்த இருவரில் நாம் அவரையே கைவிட்டோம்.” எழுதும்போது என் கண் கலங்கியது. என்னை எழுதத் தூண்டியது எதுவோ அதை மறைக்காமல் சொன்னேன் என்ற நேர்மை அந்த வரைவில் இருந்தது. மத்தேயு 25-ஆம் அதிகாரம் தெரிந்த வாசகருக்கு அதற்கு மேல் ஒரு வாதமும் தேவையில்லை. ஆனால் அந்த அதிகாரத்தை வேதமாக ஏற்காத வாசகருக்கு, நான் சொன்னது என் மனநிலையைப் பற்றிய தகவல் மட்டுமே. தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்பதற்கு அவர் ஏற்கத்தக்க காரணம் எதையும் நான் தரவில்லை. மேலும், ஆசிரியருக்கு வரும் கடிதத்துக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் நூற்றைம்பது, இருநூறு சொற்கள்தான். வசனமும் அதன் விளக்கமும் பாதி இடத்தை எடுத்துக்கொண்டால், செய்தியைப் பற்றிச் சொல்ல மீதிப் பாதிதான் இருக்கும். கடிதப் பகுதியைத் தொகுப்பவர் அதைப் பிரசங்கம் என்று ஒதுக்கிவைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

வசனத்தோடு எழுதுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. அது யாரை நோக்கி எழுதப்படுகிறது என்பதுதான் கேள்வி. திருச்சி மேலப்புதூரில் உள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளை மற்றவர்களின் கல்லறைகளிலிருந்து பிரித்து ஒரு சுவர் நிற்பது பல காலமாகப் பொதுவெளியில் பேசப்பட்டுவரும் செய்தி. அந்தச் சுவரைப் பற்றி ஒரு கிறிஸ்தவர் நாளிதழுக்கு எழுதினால், அங்கே வசனத்தைப் போலக் கூர்மையான வாதம் வேறெதுவும் இல்லை. கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்று கலாத்தியர் நிருபம் சொல்வதைச் சுவரின் இரு பக்கத்தாரும் வேதவாக்கு என்று ஏற்றுக்கொண்டவர்கள். அவர்கள் ஏற்ற நூலைக் கொண்டே அவர்களைக் கேட்க முடியும். வசனம், அதற்குக் கட்டுப்பட்டவரை நோக்கிப் பேசும்போதுதான் வாதமாகிறது. அப்போஸ்தலர் பவுலும் இதைத்தான் செய்தார். ஜெப ஆலயத்தில் யூதர்களோடு வேதவாக்கியங்களை எடுத்துப் பேசிய அதே பவுல், அத்தேனே பட்டணத்தின் மார்ஸ் மேடையில் நின்றபோது ஒரு தீர்க்கதரிசன வசனத்தைக்கூட எடுத்துக்காட்டவில்லை. அவ்வூரார் கட்டியிருந்த ஒரு பலிபீடத்தையும் அவர்களுடைய புலவர்கள் பாடிய வரியையும் எடுத்துப் பேசினார். விசுவாசத்தை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. கேட்பவர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்து தொடங்கினார்.

இரண்டாம் வரைவில் நான் எந்தச் சமயத்தையும் சொல்லவில்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் பணியில் அமர்த்துவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொண்டேன். கழிவுநீர்ப் பாதையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆபத்தான முறையில் ஆளை இறக்கினால், முதல் முறைக்கு இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது அது. உள்ளாட்சி அமைப்பை மட்டுமல்ல, தனிநபரையும் அது கட்டுப்படுத்துகிறது. கழிவுநீர்ப் பாதையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியதையும் எழுதினேன். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். முதலில் நான், “தொட்டிக்குள் ஆள் இறங்குவதையே சட்டம் முழுவதுமாகத் தடைசெய்துவிட்டது” என்று எழுதியிருந்தேன். பிறகு பிரிவைத் திறந்து பார்த்தால், பாதுகாப்பு உடையும் துப்புரவுச் சாதனங்களும் தராமல் இறக்குவதைத்தான் அது ஆபத்தான துப்புரவு என்று வரையறுக்கிறது. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் சட்டம் தெரிந்த ஒரு வாசகர் அடுத்த நாள் இரண்டு வரியில் திருத்தி எழுதினால் என் கடிதம் முழுவதும் சரிந்துவிடும். உண்மைக்குச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவன் என்று தன்னை எண்ணுகிறவன், ஒரு சட்டப் பிரிவைப் படிக்காமல் எழுதுவது எனக்கு மிகவும் வெட்கமான காரியமாகப் பட்டது.

இந்த வரைவு முதலாவதைவிட எவ்வளவோ உறுதியாக இருந்தது. எந்த வாசகரும் மறுக்க முடியாத அடித்தளத்தில் அது நின்றது. சிலர் இதை விசுவாசத்தை மறைப்பதாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பவுலைக் கட்டி அடிக்கப் போனபோது அவர் தம்முடைய ரோமக் குடியுரிமையைத்தான் எடுத்துச் சொன்னார். பிறகு இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். குடிமகனுக்குரிய உரிமையைப் பயன்படுத்துவதும் விசுவாசியின் வழிதான். தமிழிலேயே நமக்கு முன்னோடி உண்டு. மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்த வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கக் கிறிஸ்தவராயிருந்தே, லஞ்சத்தைக் கண்டித்தும் பெண்கல்வியை வலியுறுத்தியும் எல்லாச் சமயத்தாரும் தம்முடையதென்று எடுத்துப் படிக்கும்படி எழுதினார்.

என்றாலும் அந்த வரைவை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஒரு கிறிஸ்தவன் மட்டுமே பொறுப்போடு சொல்லக்கூடிய இரண்டு செய்திகள் அதில் விடுபட்டிருந்தன.

அவற்றில் ஒன்று சட்டம் பற்றியது. பட்டியல் சாதியினரை இந்தப் பணியில் அமர்த்துவதை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் தனிக் குற்றமாக்கியது. ஆனால் 1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, முதலில் இந்துக்களையும், 1956-இல் சீக்கியர்களையும், 1990-இல் பௌத்தர்களையும் மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. தமிழ்நாட்டில், கிறிஸ்தவராக மாறிய ஆதி திராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். ஆகவே ஒரே தெருவில் பிறந்து ஒரே தொட்டியில் இறங்கும் இருவரில், ஞானஸ்நானம் பெற்றவருக்கு அந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை. இதை நாளிதழ் வாசகர்களில் பெரும்பாலோர் அறியார். நம் சபைகளிலேயே பலருக்குத் தெரியாது.

இன்னொன்று நம் வீட்டைப் பற்றியது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மூன்றாம் வரைவுக்கு உட்காருமுன், எங்கள் சேகரத்தின் (திருச்சபையின் உள்ளூர் நிர்வாகப் பிரிவு) பொறுப்பில் இருக்கும் பள்ளியின் தொட்டியை யார் சுத்தம் செய்கிறார்கள் என்று பொருளாளரிடம் கேட்டேன். வயதில் மூத்தவர், நல்ல மனிதர். “லாரி வந்து உறிஞ்சிட்டுப் போயிரும், தம்பி. அடியில தங்குற சகதிக்கு மட்டும்தான் ஆள் இறங்குவாங்க” என்றார். அந்த ‘மட்டும்தான்’ என்னைத் தூங்க விடவில்லை. அடியில் தங்கும் சகதியைக் கிளறும்போதுதான் அதில் அடைபட்டிருக்கும் வாயு வெளியேறுகிறது; இறந்தவர்களில் பலர் அந்தச் சகதிக்காக இறங்கியவர்களே. மறுநாள் அவரே கோப்பை எடுத்துக் காட்டினார். மஞ்சளேறிய ஒரு வவுச்சர். அதில் லாரி வாடகை ஒரு வரி, அதற்குக் கீழே ‘ஆள் 2 – கூலி’ என்று இன்னொரு வரி. பெயர் இல்லை, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கைநாட்டு மட்டும் இருந்தது. பிள்ளைகள் காலையில் கைகூப்பி ஜெபிக்கும் வளாகத்துக்குள், நாம் நாளிதழில் படித்துப் பதறும் அதே வேலை, நம் காணிக்கைப் பணத்தில், நம் கணக்குப் புத்தகத்தில் பதிவாகி நடந்திருக்கிறது.

இதற்குப் பிறகு எழுதும் கடிதம் வேறு விதமாகத்தான் இருக்க முடியும். “நான் கிறிஸ்தவன்” என்ற வரி, அறிவுரை சொல்லும் தகுதியாக அல்லாமல் பொறுப்பை ஏற்கும் வரியாக மாறுகிறது. மூன்றாம் வழியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு நான் சொல்லும் சோதனை ஒன்றே: அந்த வரியை அடித்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். கடிதம் எதையும் இழக்கவில்லையென்றால் அந்த வரி அலங்காரம், எடுத்துவிடலாம். அதை எடுத்தவுடன் ஒரு தகவலோ ஒரு பொறுப்போ கடிதத்திலிருந்து போய்விடுகிறது என்றால், அது இருந்தே ஆக வேண்டும். மேலே சொன்ன இரண்டு செய்திகளும் இந்தச் சோதனையில் நிற்பவை. “அன்பே உருவான மார்க்கத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில்” என்று தொடங்கும் கடிதங்கள் பெரும்பாலும் நிற்பதில்லை.

சபையின் குறையைப் பொதுவில் சொல்லலாமா என்பது இதை ஒட்டி வரும் கேள்வி. இதில் விசுவாசிகளுக்குள் இருவேறு கருத்து உண்டு. ஒரு சாரார், சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனித்தும், பிறகு ஒன்றிரண்டு பேரோடும், பிறகு சபைக்கும் சொல்ல வேண்டும் என்ற மத்தேயு 18-ஆம் அதிகார ஒழுங்கைக் காட்டுகிறார்கள். நாளிதழ் அந்த வரிசையில் இல்லை. மறு சாரார், ஊரார் அறிய நடந்த தவற்றை ஊரார் அறியவே சொல்ல வேண்டும் என்கிறார்கள். என் முடிவு இரண்டுக்கும் இடையிலானது. எங்கள் பள்ளி விஷயத்தை முதலில் சேகரக் கமிட்டிக்கு எழுத்தில் கொடுத்தேன். அதன் பிறகே, பள்ளியின் பெயரைச் சொல்லாமல், என் சபைக்குள் இது நடந்தது என்பதை மட்டும் கடிதத்தில் சேர்த்தேன். பெயரைச் சொன்னால் வாசகரின் கவனம் ஒரு பள்ளியின் மேல் போய்விடும். நான் கேட்டதோ எல்லா நிறுவனங்களும் தங்கள் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பது. ஆனால் இந்த ஒழுங்கு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் என்றால் ஆசிரியருக்கும் கடிதமில்லை, கமிட்டிக்கும் கடிதமில்லை. காவல் துறையிடம் உடனே தெரிவிக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஒவ்வொருவரையும் கட்டாயப்படுத்துகிறது. அங்கே மத்தேயு 18-ஐக் காட்டித் தாமதிப்பது, அந்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே சிறியரில் ஒருவனுக்கு இடறலாயிருப்பவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன கடுமையான வார்த்தையைப் படிக்காமல் விடுவதாகும்.

எந்த இதழுக்கு அனுப்புவது என்பதில் எனக்கு அதிகக் குழப்பம் இல்லை. சபை மாத இதழுக்கு எழுதினால் தடையின்றி அச்சாகும், வசனத்துக்கும் இடமுண்டு. ஆனால் நகராட்சி ஆணையர் அதைப் படிக்கப்போவதில்லை. உள்ளூர் நடைமுறையை மாற்ற வேண்டுமென்றால் மாவட்டப் பதிப்புள்ள தமிழ் நாளிதழே சரி. அதன் கடிதப் பகுதியை அலுவலகத்திலும் படிக்கிறார்கள், டீக்கடையிலும் படிக்கிறார்கள். 1950-ஆம் ஆண்டு ஆணை போன்ற, தில்லியில் முடிவாக வேண்டிய விஷயத்துக்கு ஆங்கில நாளிதழே பொருத்தம். ஒரே கடிதத்தை நாலு இதழ்களுக்கு ஒரே நாளில் அனுப்பும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். இரண்டு இதழ்களில் ஒன்றுபோல வந்துவிட்டால் அடுத்த கடிதத்தை எடுத்துப் பார்க்கவே தயங்குவார்கள்.

தனியாளாகக் கையெழுத்திடுவதா, கமிட்டியின் பெயரிலா என்பதற்கும் விரைவாகவே பதில் சொல்லலாம். தீர்மானம் போட்டு அனுப்பினால் அது மனு ஆகிவிடுகிறது. மனுவுக்குரிய இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர் கூட்டம். ஆசிரியர் கடிதத்தில் வாசகர் தேடுவது, பெயரும் முகவரியும் கொடுத்துத் தன் வார்த்தைக்குப் பொறுப்பேற்கும் ஒரு மனிதரை.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நமக்குள்ளேயே இரண்டு தமிழ் உண்டு. சீர்திருத்தச் சபையார் ‘தேவன்’, ‘கர்த்தர்’ என்கிறோம். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பைப் படிக்கும் கத்தோலிக்கர் ‘கடவுள்’, ‘ஆண்டவர்’ என்கிறார்கள். கிருபை, இரட்சிப்பு, ஊழியம், பாரம் ஆகிய சொற்கள் நமக்கு மூச்சுக்காற்று போல. நாளிதழ் வாசகருக்கு அவை வேறு பொருள் தரும், அல்லது பொருளே தராது. அக்கறை என்ற பொருளில் “எனக்கு இந்த ஜனங்களைக் குறித்துப் பாரம் இருக்கிறது” என்று எழுதினால், அவர்கள் எனக்குச் சுமை என்று சொன்னதாக ஆகிவிடும். பொது இதழுக்கு எழுதும்போது ‘கடவுள்’ என்றே எழுதுகிறேன். இதில் இழப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று, எனக்கு மிக முக்கியமானது. நம்மில் பலர் ஆசிரியருக்கு எழுதுவது, ஒரு தேவாலயம் தாக்கப்பட்டபோதோ, ஒரு திரைப்படத்தில் நம் விசுவாசம் இழிவுபடுத்தப்பட்டதாகத் தோன்றும்போதோதான். அந்தக் கடிதங்களும் வேண்டும். நியாயமான கோபத்துக்கு இடம் உண்டு, ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகு எழுதினால் இன்னும் நல்லது. ஆனால் நம் சமூகத்துக்கு வலித்தபோது மட்டும் நம் குரல் கேட்கிறதென்றால், வாசகர்கள் நம்மைத் தங்கள் பங்கைக் கேட்கும் ஒரு கூட்டமாகவே பார்ப்பார்கள். இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையில், எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவன் எந்த ஊர்க்காரன், எந்த ஜாதி என்று அவர் சொல்லவேயில்லை. தொட்டியில் இறந்த இருவர் என்ன சமயம் என்று செய்தியில் இல்லாததும் எனக்கு அப்படியே பட்டது. நம்மோடு சம்பந்தமில்லாதவருக்காக எழுதும் கடிதத்துக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

இந்தக் காரணங்களால் மூன்றாம் வழியையே தேர்ந்தெடுத்தேன். அனுப்பிய கடிதம் இது:

“ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய இருவர் உயிரிழந்த செய்தியைப் படித்தேன். பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். தனியார் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஆனாலும் உறிஞ்சும் லாரி போன பிறகு, அடியில் தங்கும் சகதிக்கென்று ஆள் இறக்கும் வழக்கம் நிற்கவில்லை. நான் கிறிஸ்தவன். என் திருச்சபை நடத்தும் ஒரு பள்ளியிலும் இப்படி நடந்ததைக் கணக்கேட்டில் கண்டு, நிறுத்தும்படி நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பள்ளியும் விடுதியும் மருத்துவமனையும் நடத்தும் எல்லாச் சமய நிறுவனங்களும் தங்கள் பழைய ரசீதுகளை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். சகதியையும் இயந்திரத்தாலேயே அகற்றும் வசதியுள்ள லாரிகளின் பட்டியலை நகராட்சி வெளியிட்டால் உதவியாக இருக்கும். இப்பணியில் இறக்கப்படும் ஆதி திராவிடக் கிறிஸ்தவருக்கு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்பதையும் அரசு கவனிக்க வேண்டும்.”

கடிதம் வெளிவந்தது. கடைசி வாக்கியத்தை இதழில் எடுத்துவிட்டிருந்தார்கள். “நான் கிறிஸ்தவன்” என்பதும் கணக்கேட்டு வரியும் அப்படியே இருந்தன. பார்த்தபோது, விடுபட்ட வாக்கியம் அந்தக் கடிதத்துக்குரியதல்ல என்று எனக்கே பட்டது. அதைத் தனிக் கடிதமாக ஓர் ஆங்கில நாளிதழுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். 1950-ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தியைச் சொல்லுக்குச் சொல் பார்த்து எழுத வேண்டியிருப்பதால் இன்னும் முடியவில்லை. பொருளாளர் அந்த வவுச்சரின் நகலை அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கான கோப்பில் முதல் தாளாக வைத்திருக்கிறார்.